ரேடியேட்டரைத் தொட்டுப் பாருங்கள்: பழைய ஹீட்டிங்கின் கோளாறுகளைக் கண்டுபிடிப்பது

அக்டோபர் நடுவில் ஒரு மாலை வரும். ஏப்ரலில் அணைத்த ஹீட்டிங்கை அன்றைக்குத்தான் மறுபடி போடுவீர்கள். தரைக்கு அடியில் குழாய்கள் டக் டக்கென்று விரியும். எங்கோ தண்ணீர் சலசலக்கும். ஒரு மணி நேரம் கழித்துப் பார்த்தால் வாசல் நடையில் இருக்கும் ரேடியேட்டர் கை வைக்க முடியாமல் கொதிக்கும். பிள்ளைகள் படுக்கும் பின்னறையில் இருப்பதோ சில்லென்று கிடக்கும். மறுநாள் ஒருவரை அழைப்பீர்கள். அவர் பாய்லரை இரண்டு நிமிடம் பார்த்துவிட்டு, “இது பழசு, மாற்றிவிடுங்கள்” என்பார். ஆயிரக்கணக்கான பவுண்டுகளில் பேச்சு தொடங்கும்.

அந்த இரண்டு நிமிடத்துக்கு முன்னால் நீங்களே பார்த்து வைக்க வேண்டியவற்றைத்தான் இந்த அத்தியாயம் சொல்கிறது. என் அனுபவத்தில், பழைய ஹீட்டிங்கில் பாய்லருக்கும் முன்னால் கெடுவது அதில் சுற்றும் தண்ணீர். பதினைந்து இருபது ஆண்டுகளாக அதே தண்ணீர் இரும்பு ரேடியேட்டர்களுக்குள் சுற்றிச் சுற்றிக் கறுத்துப்போயிருக்கும். அதைக் கவனிக்காமல் புது பாய்லரை மாட்டினால் அந்தக் கறுப்புத் தண்ணீர் புது பாய்லருக்குள் போகும். பின்னறை அப்போதும் குளிரும்.

நம்மில் பலருக்கு இந்த இயந்திரத்தைப் பற்றி வீட்டுவழி அறிவு கிடையாது. கிணறு கலங்கினால், ஓடு ஒழுகினால், அடுப்பு புகைந்தால் என்ன செய்வதென்று பெரியவர்கள் சொல்லித் தந்திருக்கிறார்கள். பிரிட்டனில் வீடு வாங்கிக் குடியேறிய முதல் தலைமுறைக்கு, தரைப்பலகைக்கு அடியில் ஓடும் செப்புக் குழாயைப் பற்றிச் சொல்லித்தர யாரும் இருக்கவில்லை. அதனால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

தொடக்கூடாதவை

காஸ் சம்பந்தப்பட்ட எதையும் நீங்கள் திறக்கக்கூடாது. பல மாடல்களில் பாய்லரின் வெளிமூடிதான் புகை அறைக்குள் வராமல் அடைக்கும் உறையாகவும் இருக்கிறது. ஆகவே மூடியைக் கழற்றுவதே காஸ் வேலைதான். அதைச் செய்ய ‘காஸ் சேஃப் ரெஜிஸ்டர்’ பதிவு வேண்டும். 2009 ஏப்ரல் 1 முதல் இந்தப் பதிவேடுதான் நடப்பில் உள்ளது. அதற்கு முன் இருந்தது ‘கோர்கி’. இன்றும் கோர்கி பெயரைச் சொல்லி வேலை கேட்பவரை உள்ளே விடாதீர்கள். வருபவரின் அட்டையைக் கேட்டு வாங்குங்கள். முன்பக்கத்தில் படமும் காலாவதித் தேதியும் இருக்கும். பின்பக்கத்தில் எந்தெந்த வேலைக்கு அவருக்குத் தகுதி உண்டு என்று எழுதியிருக்கும். தெரிந்தவர், ஊர்க்காரர், கோயிலில் பார்ப்பவர் என்பதற்காக இதைக் கேட்காமல் விடும் பழக்கம் நம்மிடம் இருக்கிறது. தயவுசெய்து விடாதீர்கள்.

காஸ் வாடை வந்தால் ஜன்னல் கதவுகளைத் திறந்து, மீட்டர் அருகே உள்ள வால்வை அடைத்து, எந்த சுவிட்சையும் தொடாமல் வெளியே வந்து 0800 111 999 என்ற எண்ணை அழையுங்கள். இருபத்து நான்கு மணி நேரமும் எடுப்பார்கள்; அழைப்புக்குக் கட்டணமில்லை.

கார்பன் மோனாக்சைடுக்கு வாடையே இல்லை. நீலமாக எரிய வேண்டிய சுடர் மஞ்சளாகத் தளர்ந்து எரிவது, பாய்லரைச் சுற்றிக் கரி படிவது, வீட்டுக்குள் இருந்தால் தலைவலியும் குமட்டலும் வந்து வெளியே போனதும் தெளிவது, இவைதான் அறிகுறிகள். பாய்லர் உள்ள அறையில் ஓர் அலாரம் வையுங்கள். வாடகை வீடு என்றால், இங்கிலாந்தில் 2022 அக்டோபர் 1 முதல் அதை வைப்பது வீட்டு உரிமையாளரின் சட்டக் கடமை.

இன்னொன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். 1970, 80களின் வீடுகள் சிலவற்றில் முன்னறையின் காஸ் நெருப்புக்குப் பின்னால், பழைய புகைபோக்கிக்குள், ‘பேக்ஸி பெர்முடா’ போன்ற பாய்லர் இன்னமும் ஒளிந்திருக்கிறது. அது அறையில் உள்ள காற்றை எடுத்து எரியும் வகை. அதற்காகச் சுவரில் வைத்த காற்றுத் துளையிலிருந்து குளிர் வருகிறதென்று சிலர் துணியோ காகிதமோ வைத்து அடைத்துவிடுகிறார்கள். அந்த அடைப்பு உயிரைக் குடிக்கும். உங்கள் வீட்டில் அப்படி ஒரு துளை அடைபட்டிருந்தால் இந்தப் பக்கத்தை மூடிவிட்டு முதலில் அதைத் திறந்துவிட்டு வாருங்கள்.

பழைய பாய்லரின் புகைக்குழாய், அதைச் சுற்றிய பலகை, இணைப்புகளில் உள்ள கயிறு போன்ற பொதி இவற்றில் கல்நார் இருக்கக்கூடும். பிரிட்டனில் அது முழுமையாகத் தடை செய்யப்பட்டது 1999இல்தான். சுரண்டவோ துளைக்கவோ வேண்டாம்.

எந்த வகை?

லாஃப்டில் ஏறிப் பாருங்கள். அங்கே இரண்டு தொட்டிகள், ஒன்று பெரியது, மற்றது வாளி இரண்டு கொள்ளும் அளவுக்குச் சின்னது என்று இருந்தால் உங்களுடையது திறந்த வகை. சின்னத் தொட்டிதான் ரேடியேட்டர்களுக்குத் தண்ணீர் தருவது. மாடியில் ஓர் அலமாரிக்குள் சுடுநீர் சிலிண்டரும் இருக்கும். லாஃப்டில் தொட்டி எதுவும் இல்லாமல், பாய்லரின் முகத்திலோ பக்கத்துக் குழாயிலோ ‘பார்’ அளவில் அழுத்தம் காட்டும் முள் இருந்தால் அது மூடிய வகை. குழாயைத் திறந்ததும் சுடுநீர் தரும் காம்பி பாய்லர்கள் எல்லாம் இந்த இரண்டாம் வகையில் அடங்கும்.

குழாயின் தடிமனையும் பாருங்கள். ரேடியேட்டருக்கு வரும் குழாய் சுண்டுவிரலைவிட மெல்லியதாக, 8 அல்லது 10 மில்லிமீட்டராக இருந்தால் அது ‘மைக்ரோபோர்’. வட கடல் காஸ் நாடெங்கும் வந்து, வீட்டுக்கு வீடு ஹீட்டிங் பரவிய 1970களில் இது நிறையப் போடப்பட்டது. கசடு சேர்ந்தால் முதலில் அடைத்துக்கொள்வது இதுதான்.

நாடி பார்த்தல்

ஹீட்டிங் முழுதாக ஆறியிருக்கும்போது தொடங்குங்கள். எல்லா ரேடியேட்டர்களின் தெர்மோஸ்டாட் தலைகளையும் முழுதாகத் திறந்து, சுவர் தெர்மோஸ்டாட்டை உயர்த்தி வைத்து, பாய்லரைப் போடுங்கள். எந்த ரேடியேட்டர் முதலில் சூடாகிறது, எது கடைசியில் என்று ஒரு தாளில் வீட்டின் வரைபடம் போட்டு எழுதுங்கள். அரை மணி நேரம் கழித்து மறுபடி ஒரு சுற்று வாருங்கள். இந்த முறை ஒவ்வொன்றையும் புறங்கையால் ஐந்து இடங்களில் தொட வேண்டும்: மேல், கீழ், நடு, இரண்டு பக்கக் குழாய்கள். கொதிக்கும் இரும்பு, அதனால் ஒரு நொடிக்கு மேல் வைக்காதீர்கள்.

மேலே குளிர்ந்து கீழே சுட்டால் உள்ளே காற்று நிற்கிறது. ஹீட்டிங்கை அணைத்து, ஆறவிட்டு, ரேடியேட்டர் சாவியால் மேல் மூலையில் உள்ள சின்னத் திருகை இடப்பக்கமாகக் கால் சுற்றுத் திறந்தால் உஸ்ஸென்று காற்று வரும். தண்ணீர் எட்டிப் பார்த்ததும் மூடுங்கள். கீழே ஒரு பழைய துணியும் கிண்ணமும் கட்டாயம் வேண்டும். இந்தத் தண்ணீர் கம்பளத்தில் விழுந்தால் கறை போகவே போகாது. பம்ப் ஓடும்போது இதைச் செய்தால் சில இடங்களில் காற்று வெளியேறுவதற்குப் பதில் உள்ளே இழுக்கப்படும். மூடிய வகையில், வேலை முடிந்ததும் ‘பார்’ முள் இறங்கியிருக்கும், நிரப்ப மறக்காதீர்கள்.

ஆண்டுக்கு ஒருமுறை காற்று சேர்வது இயல்பு. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, அதுவும் அதே ரேடியேட்டரில் சேர்ந்தால் அதைக் காற்று என்று எண்ணிவிடாதீர்கள். இரும்பும் தண்ணீரும் வினைபுரிந்து கறுப்புத் துருவாக மாறும்போது ஹைட்ரஜன் வெளிவருகிறது. அந்த வாயுதான் மேலே போய் நிற்கிறது. அது எரியக்கூடியது, ஆகவே மெழுகுவர்த்தியோ சிகரெட்டோ பக்கத்தில் வேண்டாம். உஸ்ஸென்ற சத்தம் ஓய்ந்ததும் நிம்மதியாகிவிடுகிறோம். ஆனால் அந்த ரேடியேட்டர் உள்ளிருந்து தன்னைத் தின்றுகொண்டிருக்கிறது.

மேலே சுட்டு, கீழே நடுப்பகுதி மட்டும் குளிர்ந்தால் அடியில் சேறு தங்கியிருக்கிறது. ஆற்றின் வளைவில் வண்டல் தங்குவதுபோல, ஓட்டம் மெதுவாகும் இடத்தில் துருத்தூள் இறங்கிப் படிகிறது. இதற்குச் சாவி போதாது. கீழே தனியாகச் சொல்கிறேன்.

ஒரே ஒரு ரேடியேட்டர் முழுதும் குளிர்ந்து, மற்றவை நன்றாக இருந்தால் வால்வைப் பாருங்கள். கோடை முழுக்க மூடிக்கிடந்த தெர்மோஸ்டாட் வால்வின் ஊசி உள்ளே ஒட்டிக்கொள்வது மிகச் சாதாரணம். எண் எழுதிய பிளாஸ்டிக் தலையைக் கழற்றினால் நடுவில் ஒரு சின்ன உலோக ஊசி தெரியும். நாணயத்தின் தட்டைப் பக்கத்தால் அழுத்தினால் அது உள்ளே போய்த் தானே வெளியே வர வேண்டும். வராவிட்டால் வால்வின் உடலை மரப்பிடியால் இலேசாகத் தட்டி, மீண்டும் அழுத்தி விடுங்கள். குறடால் பிடித்து இழுக்காதீர்கள். ஊசி கையோடு வந்துவிட்டால் கொதிநீர் முகத்தில் பீறிடும்.

பாய்லருக்குப் பக்கத்தில் உள்ளவை கொதித்து, தூரத்தில் உள்ளவை வெதுவெதுப்பாக நின்றால், சேறு இல்லை என்று உறுதியான பிறகு, பங்கீட்டைச் சரிசெய்யுங்கள். ரேடியேட்டரின் மறுமுனையில், திருப்ப முடியாதபடி மூடி போட்ட வால்வு ஒன்று இருக்கும். அதற்கு ‘லாக்‌ஷீல்டு’ என்று பெயர். முதலில் சூடாகிற ரேடியேட்டரில் அதை முழுதாக அடைத்துக் கால் சுற்று மட்டும் திறங்கள். அடுத்ததில் அதைவிடச் சற்று அதிகம். கடைசி ரேடியேட்டரில் முழுதாக. கிளிப் போட்ட வெப்பமானி இரண்டு வாங்கி உள்வரும் குழாயிலும் வெளியேறும் குழாயிலும் மாட்டினால் இன்னும் துல்லியம்: பழைய பாய்லரில் இரண்டுக்கும் இடையே சுமார் 11 டிகிரி வித்தியாசம் இருக்க வேண்டும். பொறுமையான வேலை, ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்கப் போகும். ஆனால் ஒரு பைசா செலவில்லாமல் பின்னறை சூடாவதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன்.

தண்ணீர் என்ன நிறம்?

ஒரு கண்ணாடிப் போத்தலில் ரேடியேட்டர் தண்ணீரைப் பிடித்து ஜன்னலில் வையுங்கள். தெளிவாகவோ இலேசான மஞ்சளாகவோ இருந்தால் நல்லது. செங்காவியாக இருந்தால் எங்கிருந்தோ புதிய ஆக்சிஜன் உள்ளே வந்துகொண்டே இருக்கிறது. மைபோலக் கறுத்திருந்தால் அது மேக்னடைட் என்னும் காந்த இரும்புத் துரு. போத்தலின் அடியில் காந்தத்தை வைத்து நகர்த்தினால் கறுப்புத் தூள் காந்தத்தின் பின்னாலேயே ஓடும். பிள்ளைகளைக் கூப்பிட்டுக் காட்டுங்கள், ஒரு தடவை பார்த்தால் மறக்க மாட்டார்கள்.

தண்ணீரில் துருத் தடுப்பு மருந்து, அதாவது ‘இன்ஹிபிட்டர்’, இன்னும் இருக்கிறதா என்று தெரிய இன்னொரு எளிய சோதனை. ஒரு போத்தலில் ரேடியேட்டர் தண்ணீர், மற்றதில் குழாய்த் தண்ணீர். இரண்டிலும் பளபளப்பான புது இரும்பு ஆணி ஒன்றைப் போட்டு மூடி ஒரு வாரம் விடுங்கள். குழாய்த் தண்ணீரின் ஆணி துருப்பிடித்து, ரேடியேட்டர் தண்ணீரின் ஆணி பளபளப்பாகவே இருந்தால் மருந்து வேலை செய்கிறது. இரண்டுமே துருவேறினால் மருந்து எப்போதோ தீர்ந்துவிட்டது.

இனி சேற்றை எடுப்பது. ஒன்றிரண்டு ரேடியேட்டர்களில் மட்டும் என்றால் அவற்றைக் கழற்றித் தோட்டத்தில் வைத்து ஹோஸ் போட்டுக் கழுவுவதே மலிவான, உறுதியான வழி. இரண்டு வால்வுகளையும் அடைக்க வேண்டும். லாக்‌ஷீல்டு எத்தனை சுற்றில் அடைந்தது என்று எண்ணி எழுதிவையுங்கள், திரும்ப அதே அளவு திறக்க வேண்டும். தெர்மோஸ்டாட் வால்வு விஷயத்தில் ஓர் ஆபத்து உண்டு. அதை பூஜ்யத்தில் வைத்தால் அடைபட்டுவிட்டதென்று நினைக்காதீர்கள். அறை உறையும் அளவுக்குக் குளிர்ந்தால் தானே திறந்துகொள்ளும்படி பல வால்வுகள் செய்யப்பட்டிருக்கின்றன. ரேடியேட்டர் தோட்டத்தில் இருக்கும்போது, ஜன்னலைத் திறந்துவைத்த அறையில் அது திறந்துகொண்டால் தரை முழுக்கக் கறுப்புத் தண்ணீர்தான். தலையைக் கழற்றி, அந்த வால்வுக்கென்று வரும் திருகுமூடியை இறுக்கிவிட்டுத்தான் கழற்ற வேண்டும். தண்ணீர் நிறைந்த ரேடியேட்டர் கனமானது, தனியாகத் தூக்காதீர்கள்.

வீடு முழுக்கச் சேறு என்றால், சுத்தம் செய்யும் ரசாயனத்தை ஊற்றி ஒரு வாரம் ஓடவிட்டு வடிப்பது ஒரு வழி. இயந்திரம் வைத்து வேகமாகத் தண்ணீரைச் செலுத்தும் ‘பவர் ஃப்ளஷ்’ இன்னொரு வழி. இரண்டாவதைச் செய்யச் சொல்லிப் பலர் அவசரப்படுத்துவார்கள். ரேடியேட்டர்கள் முப்பது ஆண்டு பழையவை, ஏற்கெனவே ஒன்றில் ஊசித்துளைக் கசிவு வந்திருக்கிறது என்றால் நான் அதற்குச் சம்மதிக்க மாட்டேன். அங்கே தகட்டில் உள்ள துளையைத் துருவே அடைத்துக்கொண்டிருக்கும். அதைக் கழுவினால் ஒழுகத் தொடங்கும். அத்தகைய வீட்டில் மிக மோசமான ரேடியேட்டர்களை மட்டும் புதிதாக மாற்றி, மற்றவற்றை மெதுவான ரசாயனத்தால் கழுவுவதே உத்தமம்.

எந்த வழியில் கழுவினாலும் கடைசியில் இரண்டு காரியம் தவறக்கூடாது. புதிய தண்ணீருக்கு, போத்தலில் அச்சிட்ட அளவுப்படி இன்ஹிபிட்டர் ஊற்ற வேண்டும். பாய்லருக்குத் திரும்பும் குழாயில் காந்த வடிகட்டி ஒன்றைப் பொருத்த வேண்டும். ஆண்டு சர்வீசின்போது அதைத் திறந்து கழுவச் சொல்லிப் பக்கத்தில் நின்று பாருங்கள்.

‘பார்’ முள் சொல்வது

மூடிய வகையில் ஆறிய நிலையில் முள் 1இலிருந்து 1.5 பாருக்குள் நிற்க வேண்டும். சூடேறியதும் சற்று ஏறும், 2ஐ நெருங்கலாம். தண்ணீர் 10 டிகிரியிலிருந்து 80க்குப் போகும்போது சுமார் 3 சதவீதம் விரிகிறது. 100 லிட்டர் ஓடும் வீட்டில் அது 3 லிட்டர். அந்த 3 லிட்டருக்கு இடம் கொடுப்பதற்காகத்தான் ‘எக்ஸ்பான்ஷன் வெசல்’ என்ற எஃகுக் கலன் இருக்கிறது. அதற்குள் ஒரு ரப்பர் தடுப்பு. ஒருபக்கம் தண்ணீர், மறுபக்கம் அழுத்திய காற்று.

சைக்கிள் டயரைப்போல அந்தக் காற்று ஆண்டுகள் போகப் போக இறங்கும். இறங்கியபின் விரியும் தண்ணீருக்கு இடமில்லை. ஹீட்டிங் போட்டதும் முள் விறுவிறுவென்று ஏறி 3ஐத் தொடும். பாதுகாப்பு வால்வு திறந்து, வெளிச்சுவரில் நீட்டியிருக்கும் செப்புக் குழாய் வழியே தண்ணீர் சொட்டும். இரவு ஆறியதும் முள் பூஜ்யம். காலையில் நீங்கள் நிரப்புவீர்கள். மாலையில் அதே கதை. இந்த வரிசை தென்பட்டால் கசிவைத் தேடித் தரையைப் பெயர்க்காதீர்கள். வருபவரிடம் “வெசலின் காற்றைப் பாருங்கள்” என்று சொல்லுங்கள். பாய்லர் மூடிக்குள் இருப்பதால் இது அவருடைய வேலை. தண்ணீர்ப் பக்க அழுத்தத்தை முதலில் இறக்கிவிட்டுத்தான் காற்றை நிரப்ப வேண்டும், இல்லாவிட்டால் அளவு பொய் சொல்லும். காற்று வால்வை அழுத்தினால் தண்ணீர் வந்தால் ரப்பர் கிழிந்துவிட்டது, கலனை மாற்ற வேண்டும். ஒருமுறை திறந்த பாதுகாப்பு வால்வு, இருக்கையில் தூசி சிக்கி, அதன்பின் சொட்டிக்கொண்டே இருக்கவும் கூடும்.

முள் சூட்டில் 3ஐத் தொடாமல், நாள் போக்கில் மெல்ல மெல்ல இறங்கினால் அதுதான் கசிவு. ஒவ்வொரு வால்வின் அடியிலும் டிஷ்யூ காகிதத்தைச் சுற்றி வைத்து மறுநாள் பாருங்கள். செப்பில் பச்சைப் பூப்பு, மேற்கூரையில் பழுப்பு வளையம், தரைப்பலகையில் கறுப்பு, இவை சாட்சிகள். ஹீட்டிங் போடாமலேயே முள் ஏறினால் தண்ணீர் நிரப்பும் ‘ஃபில்லிங் லூப்’ சரியாக அடைபடவில்லை. வெள்ளிநிறப் பின்னல் போட்ட அந்தக் குழாயை நிரப்பியபின் கழற்றிவைப்பதே முறை.

வாரம் ஒருமுறை நிரப்பி ஓட்டிக்கொண்டிருக்கும் வீடுகள் எத்தனையோ. “கொஞ்சம் தண்ணீர்தானே” என்பார்கள். நிரப்பும் ஒவ்வொரு தடவையும் புதிய ஆக்சிஜன் உள்ளே போகிறது, இருக்கும் மருந்து நீர்த்துப்போகிறது, லண்டன் போன்ற கடினநீர்ப் பகுதியில் சுண்ணாம்பும் கூடவே போகிறது. ஒரு துளிக் கசிவு பாய்லரைக் கொல்வது இப்படித்தான்.

லாஃப்டுத் தொட்டி

சில ஆண்டுகளுக்கு முன், எங்கள் தெருவில் இருக்கும் ஓர் அம்மா அழைத்தார்.

“தம்பி, கீழ நல்லாச் சுடுது, மேல ஒரே குளிர். பிள்ளையள் கோட்டோட படுக்கினம். பொயிலர் மாத்தவேணுமெண்டு சொல்லீற்றுப் போட்டான்.”

“அன்ரி, கடைசியா ஆர் லொஃப்ற்றுக்குள்ள ஏறினது?”

“ஒருத்தரும் ஏறேல்லையே!”

ஏறிப் பார்த்தோம். சின்னத் தொட்டி வற்றிக் கிடந்தது. பல ஆண்டுகள் அசையாமல் இருந்ததால் மிதவை வால்வு மேலேயே இறுகிப்போயிருந்தது. தொட்டியில் இருந்தது ஆவியாகிக் குறையக் குறைய, தண்ணீர் மட்டம் மாடி ரேடியேட்டர்களுக்குக் கீழே இறங்கிவிட்டது. மிதவையைக் கையால் நாலைந்து முறை ஆட்டியதும் தண்ணீர் வந்தது. ரேடியேட்டர்களில் காற்றை எடுத்தோம். அன்றிரவு மாடி சூடானது. அந்த வால்வை மட்டும் பிறகு புதிதாக மாற்றினோம்.

திறந்த வகை வைத்திருப்பவர்கள் குளிர்காலத்தில் ஒருமுறை ஏறி அந்தத் தொட்டியின் தண்ணீரைத் தொட்டுப் பார்க்க வேண்டும். அது குளிர்ந்திருக்க வேண்டும். சூடாக இருந்தால், மேலே வளைந்து நிற்கும் குழாய் வழியே பம்ப் தண்ணீரைத் தொட்டிக்குள் கொட்டுகிறது; காற்றை வாங்கிக்கொண்டு அது மறுபடி கீழே போகிறது. சேற்றை இதைவிட வேகமாகப் பெருக்கும் கோளாறு இல்லை. பம்பின் வேகம் மிகையாக இருக்கலாம்; தொட்டியிலிருந்து இறங்கும் குழாய், சுற்றுக் குழாயோடு சேரும் இடத்தில் அடைத்தும் இருக்கலாம். அடைப்பைக் கண்டுபிடிக்க ஓர் அழகான வழி உண்டு. அந்த இணைப்பில் காந்தத்தை வைத்துப் பாருங்கள். செப்பு காந்தத்தை இழுக்காது. ஒட்டிக்கொண்டால், உள்ளே இருப்பது கறுப்புத் துரு. அந்த அங்குலத்தை வெட்டி எடுத்துப் புதுத்துண்டு வைக்க வேண்டியதுதான்.

பம்பும் மோட்டார் வால்வும்

பாய்லர் எரிகிறது, அதன் அருகே குழாய் கொதிக்கிறது, தூரத்தில் எதுவும் சூடாகவில்லை. பாய்லர் சில நிமிடங்களில் தானே அணைகிறது என்றால் பம்ப் சுற்றவில்லை. நீளமான ஸ்க்ரூடிரைவரின் நுனியைப் பம்பின் மீது வைத்து, பிடியைக் காதோடு வைத்துக் கேளுங்கள். சீரான முரல் கேட்க வேண்டும். ஹம்மென்று தவித்துச் சுற்றாமல் இருந்தால் தண்டு இறுகியிருக்கிறது. மின்சாரத்தை ஃப்யூஸ் சுவிட்சில் அணைத்து, பழைய வகைப் பம்பின் நடுவில் உள்ள பெரிய திருகைக் கழற்றி, உள்ளே தெரியும் தண்டைச் சின்ன ஸ்க்ரூடிரைவரால் இருபக்கமும் திருப்பிவிட்டால் பல சமயம் விடுபடும். சிறிது தண்ணீர் கசியும், துணி வையுங்கள். புதிய பம்புகள் பலவற்றில் இந்தத் திருகு இல்லை.

சிலிண்டர் உள்ள வீட்டில் சுடுநீர் வருகிறது, ரேடியேட்டர் மட்டும் சூடாகவில்லை. அல்லது சுடுநீர் மட்டும் கேட்டால் ரேடியேட்டரும் சேர்ந்து சூடாகிறது என்றால், சிலிண்டர் அலமாரிக்குள் ஒரு பெட்டி தலையில் வைத்ததுபோல இருக்கும் மோட்டார் வால்வைச் சந்தேகப்படுங்கள். அதன் பக்கத்தில் ஒரு சின்ன நெம்புகோல் உண்டு. அதைக் கையால் நகர்த்திக் கொக்கியில் மாட்டினால் வால்வு திறந்து நிற்கும். மோட்டார் போய்விட்ட இரவில், பாய்லரும் பம்பும் ஓடினால், ஆள் வரும்வரை வீட்டைச் சூடாக்க அது உதவும். பல மாடல்களில் தண்ணீரை வடிக்காமல் அந்தத் தலைப்பெட்டியை மட்டும் மாற்றலாம். முழு வால்வையும் மாற்றக் காசு கேட்டால் ஏன் என்று கேளுங்கள்.

காம்பியில் இதே வேலையைச் செய்யும் வால்வு பாய்லருக்குள் இருக்கிறது. அங்கே நீங்கள் செய்வதற்கு ஒன்றுமில்லை.

சத்தமும் உறைபனியும்

பாய்லர் கெட்டில்போல இரைந்தால் உள்ளே சுண்ணாம்போ கசடோ படிந்து, தண்ணீர் அந்த இடத்தில் கொதிக்கிறது. மறுபடியும் தண்ணீரைத்தான் பார்க்க வேண்டும்.

2005 ஏப்ரல் முதல் இங்கிலாந்திலும் வேல்சிலும் புதிதாகப் பொருத்தும் காஸ் பாய்லர், சில விலக்குகள் தவிர, கண்டென்சிங் வகையாக இருக்க வேண்டும். அதிலிருந்து ஒரு வெள்ளை பிளாஸ்டிக் குழாய் வழியே தண்ணீர் வடியும். அந்தக் குழாய் வீட்டுக்கு வெளியே ஓடினால் கடும் உறைபனி நாளில் உள்ளே பனிக்கட்டி அடைக்கும். பாய்லர் களகளவென்று சத்தமிட்டு நின்றுவிடும். வெந்நீர்ப் பையை வைத்தோ, வெதுவெதுப்பான தண்ணீரை ஊற்றியோ குழாயைச் சூடாக்கி, பாய்லரை ரீசெட் செய்யுங்கள். கொதிநீர் ஊற்றினால் குழாய் வெடிக்கும். தரையில் வழிந்தது உறைந்து யாராவது வழுக்கியும் விழுவார்கள்.

கண்டென்சிங் காம்பி வைத்திருப்பவர்கள் ரேடியேட்டர் தண்ணீரின் வெப்பத்தை 60 டிகிரிக்குக் குறைத்துப் பாருங்கள். திரும்பி வரும் தண்ணீர் 55க்குக் கீழே இருந்தால்தான் புகையில் உள்ள ஆவி குளிர்ந்து தன் வெப்பத்தைத் தரும். 80இல் ஓட்டினால் அந்தப் பயன் பெரும்பாலும் கிடைக்காது. சிலிண்டர் உள்ள வீட்டில் மட்டும் கவனம்: லெஜியோனெல்லா கிருமி வளராமல் இருக்க சிலிண்டர் நீர் 60 டிகிரிக்குச் சூடாக வேண்டும், ஆகவே பாய்லரை அதைவிடச் சற்று மேலே வைக்க வேண்டும்.

எப்போது மாற்றுவது?

வெப்பமாற்றி ஓட்டையானால், உதிரிப்பாகம் கிடைக்காமல் போனால், புகை சரியாக வெளியேறவில்லை என்று பதிவு பெற்றவர் எழுதிக் கொடுத்தால் மாற்றுங்கள். முன்னறைப் புகைபோக்கிக்குள் இருக்கும் பழைய பாய்லரை, ஓடிக்கொண்டிருந்தாலும், மாற்றத் திட்டமிடுங்கள். மாற்றும்போது பழைய குழாய்களைக் கழுவுவது விலைப்பட்டியலில் எழுத்தில் இருக்க வேண்டும். கழுவாமல் பொருத்தினால் உற்பத்தியாளர் உத்தரவாதத்தை மறுக்கலாம். ஹீட் பம்ப் பக்கம் போக நினைப்பவர்களுக்கு இங்கிலாந்திலும் வேல்சிலும் அரசு தரும் மானியம் 2023 அக்டோபரில் 7,500 பவுண்டாக உயர்ந்தது. ஆனால் அது குறைந்த சூட்டில் நெடுநேரம் ஓடும் முறை. சேறு நிறைந்த ரேடியேட்டர்களை அது துளியும் பொறுக்காது.

வாடகைக்கு இருப்பவர்கள் இவற்றில் எதையும் தம் செலவில் செய்ய வேண்டியதில்லை. இங்கிலாந்தில் 1985ஆம் ஆண்டு வீட்டு உரிமையாளர், குடியிருப்போர் சட்டத்தின் 11ஆம் பிரிவு ஹீட்டிங்கையும் சுடுநீரையும் பழுதுபார்க்கும் பொறுப்பை உரிமையாளர் மீது வைக்கிறது. காஸ் பாதுகாப்புச் சோதனையும் ஆண்டுதோறும் அவர் செய்துதர வேண்டும். பழுதை எழுத்தில் தெரிவித்து, தேதியோடு படம் எடுத்து வையுங்கள்.

பாய்லருக்குப் பக்கத்தில் ஒரு சின்ன நோட்டுப் புத்தகத்தைக் கயிற்றில் கட்டித் தொங்கவிடுங்கள். எந்த நாள் எத்தனை பாரில் நின்றது, எப்போது நிரப்பினீர்கள், எந்த ரேடியேட்டரில் காற்று எடுத்தீர்கள், தண்ணீர் என்ன நிறம், இன்ஹிபிட்டர் கடைசியாக எப்போது ஊற்றப்பட்டது என்று எழுதி வாருங்கள். வருகிற எஞ்சினியரிடம் முதலில் அதைக் கொடுங்கள். ஏப்ரலில் ஹீட்டிங்கை அணைக்கும் நாளில் எல்லாத் தெர்மோஸ்டாட் தலைகளையும் முழுதாகத் திறந்துவிடுங்கள், ஊசிகள் ஒட்டாது. கோடையிலும் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, யாராவது சமைத்துக்கொண்டிருக்கும் நேரமாகப் பார்த்து, பத்து நிமிடம் ஓடவிடுங்கள். அதையும் தேதி போட்டு எழுதுங்கள்.